உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே

என் மகள் மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கில் சுருண்டு படுத்த அன்று, நான் குரோம்பேட்டையில் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து மணலுக்குள் துகள்களை விட்டுக்கொண்டிருந்தேன். உண்மையான மணல் இல்லை. கணினிக்குள் இருக்கும் மணல். சிறு சிறு உருண்டைகளை ஒரு பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி, அவற்றின் இடுக்குகளில் தண்ணீரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீரோடு கிருமி அளவுள்ள துகள்களை அனுப்புவேன். சில நேரே ஓடி மறுபக்கம் வந்துவிடும். சில குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்ளும். சில முட்டுச்சந்து போன்ற பொந்துகளுக்குள் நுழைந்து, வெளியே வரத் தெரியாமல் அங்கேயே நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். எது எப்போது வெளியே வரும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

கல்யாணமான புதிதில் மாமியார் கேட்டபோது, "சல்லடையில மாவு சலிக்கிற மாதிரி அத்தை" என்று சொன்னேன்.

"அதுக்கு எதுக்குமா கம்ப்யூட்டர்?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் படிப்புக்குப் பெயர் மாவு சலிக்கிறது.

அன்று மத்தியானம் போனில் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "நீ கிளம்பி வந்துடு. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு குழந்தைக்கு." ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, நேராக ஆஸ்பத்திரிக்கே போனேன். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. கையில் ஊசி நகராமல் இருக்க ஒரு அட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த அட்டை மருந்துப் பெட்டி ஒன்றிலிருந்து வெட்டியது. மருந்தின் பெயரில் பாதி அதில் தெரிந்தது. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உதட்டை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கேட்டார். "வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் என் பின்னால் நின்ற மாமனார், "கிணத்துத் தண்ணி டாக்டர். சுத்தமான கிணறு" என்றார்.

டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாள் மாத்திப் பாருங்க. இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். பிளே ஸ்கூல், கை, ஈ, எது வேணா இருக்கலாம்."

எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். என் கணினி சொல்லும் எல்லாப் பதில்களும் அந்த வகைதான். ஆனால் குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஒன்றைக் கைகாட்டிச் சொல்லுங்களேன் என்று இருந்தது.

மாடம்பாக்கத்தில் இருக்கும் அந்த வீடு மாமனார் வேலையில் இருந்தபோது கட்டியது. வீடு எழும்புவதற்கு முன்பே கிணறு வந்துவிட்டது. உறை உறையாக இறக்கும்போது தினமும் ஆபீஸ் விட்டதும் நேராக இங்கே வந்து நின்று பார்ப்பாராம். கோடைக்காலத்தில் தெருவில் எல்லா போரும் வற்றிப்போன வருடங்களில் பெண்கள் குடத்தோடு எங்கள் வாசலில் நிற்பார்களாம். இவர் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. மோட்டார் இருந்தாலும் காலையில் முதல் வாளியை அவர் கயிறு போட்டுத்தான் இறைப்பார். வாளியைச் சுவரின் மேல் வைத்து, வெயில் படும்படி திருப்பி, உள்ளே பார்ப்பார். பிறகுதான் காப்பி.

எங்களுக்குக் கிழக்கே இருந்த மனை பல வருடங்கள் காலியாகக் கிடந்தது. முள்ளும் புதரும், எங்கள் சுவரை ஒட்டி இரண்டு தென்னை மரங்களும். போன வருடம் மரங்களை வெட்டி, அங்கே மூன்று மாடி ஃபிளாட் கட்டினார்கள். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். அதிலிருந்து வழியும் தண்ணீர் பக்கத்திலேயே ஒரு உறிஞ்சு குழியில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். ஃபிளாட்டின் உறிஞ்சு குழி எங்கள் கிணற்றுக்கு நேர் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் வந்தது. அதன் காற்றுக் குழாய் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். பருப்புக்கு விசில் வரும்வரை நான் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கட்டும்போதே மாமனார் போய்க் கேட்டிருக்கிறார். பில்டர் கேட்டாராம்: "சார், கழிவு வாயு மூலையிலதான் வரணும். வாஸ்து. நீங்களே உங்க கிணத்தை ஈசானிய மூலையிலதானே வெச்சிருக்கீங்க?"

மாமனார் திரும்பி வந்துவிட்டார். அவர் வாஸ்து பார்க்காமல் ஒரு ஆணி அடிக்க மாட்டார். தண்ணீர் வடகிழக்கில், கழிவு வடமேற்கில். எங்கள் மனையின் வடகிழக்கு மூலையும் அவர்கள் மனையின் வடமேற்கு மூலையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இரண்டு பேரும் சாஸ்திரப்படி சரியாகச் செய்ததில் கிணறும் குழியும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீட்டில் பேச்சு நடந்தது. பேச்சு என்றால் நான் பேசவில்லை.

"எத்தனை வருஷமா இந்தத் தண்ணியைக் குடிக்கிறோம்? உன் பையன் இதைக் குடிச்சுத்தானே வளர்ந்தான்?" என்றார் மாமனார்.

"அவன் வளர்றப்ப பக்கத்துல பாம்புதான் குடியிருந்துது. ஃபிளாட் இல்ல" என்றார் மாமியார்.

என் கணவர் கேளம்பாக்கத்துப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். வீட்டுச் சண்டையையும் அங்கே வரும் புகார்களைப் போலவே முடித்துவைப்பார். குழந்தைக்குக் குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர். குளிக்க, துவைக்க கிணற்றுத் தண்ணீர் என்று தீர்த்துவைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். குளிக்கும்போது என் மகள் சொம்பில் வாய் வைத்து ஒரு மடக்கு குடிப்பாள் என்பதை நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் ஆரம்பிக்கும்.

பிறகு மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீதான் இதையே படிக்கிறியேம்மா. சொல்லு. அந்தக் குழியிலேர்ந்து நம்ம கிணத்துக்கு வருமா, வராதா?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகத்தான் கேட்டார். அதனால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த சில வாரங்கள் கல்லூரியில் என் ஆய்வை ஒதுக்கிவைத்துவிட்டு எங்கள் வீட்டின் கொல்லையைக் கணினிக்குள் கட்டினேன். குழியிலிருந்து கிணறுவரை டேப் வைத்து அளந்தேன். சுவரை ஒட்டி மண் தோண்டினேன். அங்கே தென்னையின் வேர் தட்டியது, அதனால் கொஞ்சம் தள்ளி, மண் லேசாக இருந்த இடத்தில் தோண்டி ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோனேன். சலித்து, எந்தப் பருமனில் எவ்வளவு என்று பார்த்து, அதே விகிதத்தில் உருண்டைகளை அடுக்கினேன். முழு பூமியையும் கணினிக்குள் வரைய முடியாது. அதனால் நாங்கள் ஒரு சின்னப் பெட்டியை மட்டும் வரைவோம். பெட்டியின் ஒரு பக்கச் சுவர் வழியாக வெளியேறும் துகளை எதிர்ப்பக்கச் சுவர் வழியாக மறுபடி உள்ளே விட்டுவிடுவோம். அதாவது இதே பெட்டிதான் பக்கத்திலும், அதற்குப் பக்கத்திலும், முடிவில்லாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வது. இந்தத் துறையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம்; யோசிக்கக்கூட மாட்டோம்.

பெரும்பாலான துகள்கள் குழியைத் தாண்டியதுமே மணலில் ஒட்டிக்கொண்டன. மிச்சம் மெதுவாக நகர்ந்தன. ஒட்டாத ஒரு சாயத்தை ஐப்பசி மழையில் விட்டால்கூட, அது கிணற்றைத் தொடப் பொங்கல் தாண்டிவிடும் என்று வந்தது.

சாப்பிடும்போது சொன்னேன்.

"அப்ப சேஃப்தானே?" என்றார் என் கணவர்.

"பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"நான் எடுத்த மண்ணு மாதிரியே எல்லா இடத்துலயும் இருந்தா..."

"பாத்தியா? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்றார் மாமனார், மாமியாரைப் பார்த்து. அடுத்த நாள் காலை அவர் வாக்கிங் போய்விட்டு வந்தபோது தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மருமகள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டாள், கிணறு சுத்தம். அந்த வாரம் குழந்தைக்கு மறுபடி வயிறு கெட்டது. லேசாகத்தான். ஆனால் கெட்டது.

இனி எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கை நம்பினால் என் பயம் பைத்தியக்காரத்தனம். பயத்தை நம்பினால் இத்தனை வருடப் படிப்பு எதற்கு? என் ஆராய்ச்சியை வழிநடத்தும் மேடத்திடம் போய் நின்றேன். அதிகம் பேச மாட்டார். என் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உனக்கே சந்தேகம்னா கலர் விட்டுப் பாரேன்" என்றார்.

ஆய்வகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். கண்ணாடிக் குழாயில் உண்மையான மணலை நிரப்பி, ஒரு முனையில் சாயத்தை விட்டு, மறுமுனையில் எப்போது வருகிறது என்று பார்ப்போம். அது பொருந்தினால்தான் கணினி சொல்வதை யாரும் மதிப்பார்கள். கண் டாக்டர்கள் கண்ணில் விட்டுப் பார்க்கும் அதே சாயம். பொடியாக இருக்கும்போது செங்கல் நிறம். தண்ணீர் பட்டால் பச்சையாக ஒளிரும்.

மாமனாரிடம் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். "ஊத்து" என்றார். "வராது. வரலைன்னா இந்த வீட்டுல கிணத்தைப் பத்தின பேச்சு இதோட நிக்கணும். வந்துச்சுன்னா நானே மூடிடறேன்."

ஃபிளாட்டின் செகரட்டரி முதல் மாடியில் இருந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். கதவைத் திறந்து நிற்க வைத்தே பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். எங்க செப்டிக் டேங்க்ல நீங்க கலர் ஊத்தணும். அதானே?"

"டேங்க்ல இல்ல சார். உறிஞ்சு குழியில."

"ரெண்டும் எங்களுதுதானே?"

"ஒண்ணும் ஆகாது சார். கண் டாக்டர் கண்ணுல விடறதுதான்."

"கண்ணுல விடறதைக் கொண்டுவந்து அங்க விடறீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். "விடுங்களேன். அவங்க குழந்தைக்கு முடியலையாம். நம்ம வூட்டுக் குப்பைதானே, கலரா போகட்டும்."

வாட்ச்மேன் கடப்பாரையால் குழியின் மூடியை நெம்பித் தந்தார். நான் வாளியில் பொடியைக் கரைத்ததும் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, இப்டி பச்சையா கீது? வெசமா?"

"இல்லண்ணா. மருந்து."

"குழிக்கு இன்னா ஒடம்பு?"

நானும் சிரித்துவிட்டேன். பல வாரங்களில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். வாளியைக் கவிழ்த்தேன். பச்சை ஒரு கணம் மேலே சுழன்று, கறுப்புக்குள் காணாமல் போனது.

பொங்கலுக்கு அப்புறம்தான் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதனால் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்; சமையலறை ஜன்னலில் நிற்கும்போது கண் அந்தப் பக்கம் போகும், பிறகு கணக்கை நினைத்துத் திரும்பிவிடும். அந்த வாரம் முழுக்க மழை. மாமனார்கூட வெளியே வந்து முதல் வாளி இறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வெயில் அடித்தது. குழந்தையை வெயிலில் குளிப்பாட்டலாம் என்று மாமியார் கொல்லையில் வெள்ளை டப்பை வைத்துக் குழாயைத் திறந்தார். நான் துண்டோடு வந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, பச்ச!" என்று கத்தினாள் என் மகள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி மேலே வீசினாள். அது வெயிலில், இளசான வாழை இலையின் நிறத்தில் மினுங்கியது. கடும் பச்சை இல்லை. நிழலில் இருந்தால் ஒருவேளை நான் கவனித்திருக்க மாட்டேன். அவள் உதட்டிலும் ஒரு சொட்டு இருந்தது. நாக்கை நீட்டி அதை நக்கினாள்.

சாயம் அவளை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாயம் எந்த வழியாக வந்ததோ அதே வழியாக வேறு என்னவெல்லாம் இத்தனை நாள் வந்திருக்கும் என்பதும் தெரியும். இருந்தும் என் மனதில் முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். நான் பைத்தியம் இல்லை என்ற சந்தோஷம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கேன் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மாமனார் வந்தார். டப்பைப் பார்த்தார். கிணற்றடிக்குப் போய்க் கயிற்றில் ஒரு வாளி இறைத்து, வழக்கம்போல் சுவரின் மேல் வைத்துத் திருப்பினார்.

"பாசி இருந்தாக்கூட இந்தக் கலர் தெரியும்" என்றார்.

அவரே உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துவந்து, மொண்டு, வெயிலுக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு டம்ளரைத் தரையில் கவிழ்த்துவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பார்க்க நான் சுவரடியில் உட்கார்ந்தேன். வெட்டிய தென்னையின் அடிக்கட்டை மறுபக்கம் இருக்கிறது. அதன் வேர்கள் சுவருக்குக் கீழே புகுந்து எங்கள் பக்கம் வந்திருந்தன. மண்ணைக் கிளறினேன். மரம் போனதும் வேர்கள் உள்ளே மக்கி, மேல்தோல் மட்டும் குழாய் குழாயாக நின்றது. ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டால் தடையில்லாமல் உள்ளே போனது. கிணற்றின் திசையில். அன்று வேர் தட்டியது என்று தள்ளிப்போய்த் தோண்டினேனே, அந்த இடம்தான் இது. என் பெட்டிக்குள் எல்லாம் உருண்டைகள். வேர் ஒன்றுகூட இல்லை.

அடுத்த சில நாட்கள் தினமும் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சாயத்தை அளந்து, மேடத்திடம் காட்டினேன். தண்ணீர் மாதிரிகளை வைத்து நான் போட்ட வரைபடத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "அழகான டேட்டாம்மா இது. வேரையும் சேர்த்து மறுபடி ஓட்டு. நல்ல பேப்பர் வரும்." சரி மேடம் என்றேன். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு அது ஒரு கோடு. அதன் ஒரு முனையில் யார் வாய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

மாமனார் சொன்னபடி கிணற்றை மூடினார். தகரம் ஒன்றைப் போட்டு, மேலே நான்கு பக்கமும் கல் வைத்தார். மோட்டார் கழற்றப்பட்டது. வாரம் இருமுறை லாரித் தண்ணீர். ஃபிளாட் செகரட்டரி, "மீட்டிங்ல பேசறோம் மேடம்" என்றார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் மாமனார் காப்பிக்கு முன்னால் கொல்லைக்கு வருவார், தகரத்தைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மகளுக்கு அதற்குப் பிறகு வயிறு கெடவில்லை. அதை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மழையும் நின்றுவிட்டது, பிளே ஸ்கூலும் விடுமுறை. அவள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கினால் நான் போய் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இதோடு முடிந்திருக்கலாம். வேர்களைச் சேர்த்துப் புதிய பெட்டி ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். நிரலில் அந்தப் பழைய வரி வந்தது: மேற்குச் சுவர் வழியே வெளியேறினால் கிழக்குச் சுவர் வழியே உள்ளே விடு. எத்தனையோ முறை எழுதிய வரி. அன்று என் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

இதே பெட்டிதான் பக்கத்திலும். எங்கள் கழிவும் வாயு மூலையில்தான் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே இருக்கும் வீட்டின் போர் ஈசானிய மூலையில். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் குழி, அந்தப் பக்கம் அவர்கள் தண்ணீர். எங்கள் தெருவில் நிலத்தடி நீர் மேற்கே ஏரியைப் பார்த்துத்தான் நகர்கிறது. ஃபிளாட்டிலிருந்து எங்களுக்கு வந்தது என்றால், எங்களிடமிருந்து?

அந்த வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தீபாவளி கழிந்து ஆண் குழந்தை பிறந்தது. கொல்லைக் குழாயடியில் அவள் அம்மா பாலாடையைக் கழுவுவதை எங்கள் மாடியிலிருந்து நான் தினமும் பார்க்கிறேன்.

வீட்டில் சொன்னேன்.

"நாமளா போய்ச் சொல்லணுமா? அவங்க வந்து கேட்டாங்களா?" என்றார் மாமியார்.

"இப்பதான் ஒண்ணு முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றார் கணவர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

மாமனார் கை கழுவ எழுந்து போனார்.

சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் கிடந்தேன். போனமுறை என் கணக்கு தவறு. இந்தமுறையும் தவறாக இருந்தால், பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் பயத்தைப் போட்டவள் ஆவேன். சரியாக இருந்து சொல்லாமல் இருந்தால்? அட்டை வைத்துக் கட்டிய அந்தச் சின்னக் கை நினைவுக்கு வந்தது. போனேன்.

மேற்கு வீட்டு அக்கா உட்காரவைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார். "எங்க தண்ணியா? கண்ணாடி மாதிரி இருக்கும்மா. உங்க மாமாவைக் கேளு. போர் போடறப்ப இந்த மூலையிலதான் போடணும்னு பாயின்ட் காட்டினதே அவருதான்." எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். "இந்தா, குடிச்சுப் பாரு."

உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. அக்கா டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றார். வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் நீட்டியதை மறுத்து எனக்குப் பழக்கமில்லை. முழுக்கக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, சில்லென்று.

"கலர் விட்டுப் பாக்கலாமா அக்கா?" என்றேன்.

"உங்க குழிதானே? தாராளமா விடுங்க. எங்களுக்கு என்ன" என்றார், இன்னும் சிரித்தபடி.

வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க மாமா." கொஞ்சம் தயங்கினேன். "போர் பாயின்ட் நீங்க காட்டினதுன்னு சொன்னாங்க."

"ஆமா" என்றார். "நான்தான்."

கொல்லைப் பக்கம் போனார். கடப்பாரையை எடுத்துவந்து எங்கள் குழியின் மூடியை நெம்ப ஆரம்பித்தார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூடி நகர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பொடி மிச்சம் இருக்கா?"

இருந்தது. வாஷிங் மெஷினுக்கு மேலே, குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருந்தேன். கரைத்துக் கொண்டுவந்தேன். வாளியை என் கையிலிருந்து வாங்கி அவரே ஊற்றினார்.

"எப்ப தெரியும்?" என்றார்.

"தெரியல மாமா."

இந்தமுறை நான் யாருக்கும் நாள் குறிக்கவில்லை. மேற்கு வீட்டில் மோட்டார் போடும் சத்தம் கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு மாடிக்குப் போகிறேன். சில சமயம் மாமனார் எனக்கு முன்பே அங்கே நிற்கிறார். முதல்முறை அந்தப் பச்சை வர வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். இப்போது வரக்கூடாது என்று கும்பிடுகிறேன். மண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அங்கே கொடியில் குழந்தையின் வெள்ளைத் துணிகள் காய்கின்றன. வெயிலில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இதுவரை வெள்ளையாகத்தான் இருக்கின்றன.